பெட்ரோல் போச்சு, பேட்ஜ் மாறிச்சு: மின்கார் காலத்து ஸ்போர்ட்ஸ் பிராண்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. ரெனோவின் வேக கார் பிரிவான ரெனோ ஸ்போர்ட் எங்கே போனது, அதன் இடத்தில் அதே குழுமத்தின் ஆல்பைன் எங்கிருந்து வந்தது, ஓப்பல் தன் வேக கார்களுக்கு வைத்த ஓ.பி.சி. என்ற பெயரை விட்டுவிட்டு ஏன் ஜி.எஸ்.இ. என்கிறது, இதெல்லாம் வெறும் ஸ்டிக்கர் மாற்றமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மேலிருந்து கீழே படித்தால் எளிது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி எழுதியவை.

பெர்ஃபார்மன்ஸ் பிரிவுன்னு சொல்றாங்களே, அது கம்பெனிக்குள்ளேயே இன்னொரு கம்பெனியா?

பல இடங்களில் அப்படியேதான். பி.எம்.டபிள்யூ. 1972-ல் ரேஸ் வேலைகளுக்காக ஒரு தனி நிறுவனத்தையே தொடங்கியது. அதுதான் இன்றைய 'எம்'. ஆடியின் ஆர்.எஸ். கார்களுக்குப் பின்னால் இருப்பது 1983-ல் குவாட்ரோ என்ற பெயரில் தொடங்கி, 2016-ல் ஆடி ஸ்போர்ட் என்று பெயர் மாறிய நிறுவனம். ஏ.எம்.ஜி. கதை வேறு. மெர்சிடிஸிலிருந்து வந்த இரண்டு இன்ஜினியர்கள் 1967-ல் வெளியே தொடங்கிய பட்டறை அது. தாய் நிறுவனம் 1999-ல் பெரும்பங்கையும் 2005-ல் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது.

இவர்களுடைய வேலை, சாதாரண காரை எடுத்து இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி செய்வது. ரேஸ் விதிகளும் அதற்குக் காரணம். 1986-ல் வந்த முதல் எம்3 பிறந்ததே, ஒரு வருடத்துக்குள் 5,000 கார்கள் தயாரித்தால்தான் அந்தக் காரை 'குரூப் ஏ' ரேஸில் ஓட்ட முடியும் என்ற விதியால்தான்.

அப்போ துணை பிராண்டுன்னா என்ன? பேர்தானே வேற?

பிரிவு என்றால் ஆட்கள், பட்டறை, சோதனை ஓட்டம். துணை பிராண்டு என்றால் பெயர், லோகோ, விலைப்பட்டியலில் ஓர் இடம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். குழப்பம் முழுவதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

பழைய ஏற்பாட்டில் ஸ்போர்ட்ஸ் எழுத்து தாய் பிராண்டுக்கு வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது: மெகான் ஆர்.எஸ்., கோர்ஸா ஓ.பி.சி. புதிய ஏற்பாட்டில் அந்த வால் தனியாக நடக்கப் பார்க்கிறது. கூப்ரா ஒரு காலத்தில் சியாட் ஐபிஸாவின் வேகமான மாடலுக்கு வைத்த பெயர். 2018-லிருந்து அது சொந்த லோகோவோடு தனி பிராண்டு. இப்போது வரும் கூப்ரா கார்களில் சியாட் என்ற பெயரையே தேடினாலும் கிடைக்காது.

எம் ஸ்போர்ட், என் லைன், ஆர் லைன்... இதெல்லாம் இதுல எங்க வருது?

பெரும்பாலும் எங்கேயும் வராது. இவை வேரியன்ட்கள். பம்பர், சக்கரம், சீட் தையல், ஸ்டியரிங்கில் ஓர் எழுத்து, சிலவற்றில் கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன். அவ்வளவுதான்.

பி.எம்.டபிள்யூ.வில் மூன்று படிகள் உண்டு. அடியில் எம் ஸ்போர்ட் பேக்கேஜ். நடுவில் எம்340ஐ, ஐ4 எம்50 போன்ற 'எம் பெர்ஃபார்மன்ஸ்' கார்கள். மேலே எம்3, எம்5 மாதிரி முழு எம். மூன்றிலும் அதே எழுத்து இருப்பதால் விற்பவருக்கு வசதி, வாங்குபவருக்குத் தலைவலி. ஹூண்டாயில் என் லைன், என் என்று இரண்டு படிகள். ஒரு நல்ல எழுத்தை இப்படிக் கீழ்ப்படி வரைக்கும் இறக்கி இறக்கி நீர்க்க விட்டதும், புதிய பெயர்கள் தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சரி, யார் யாரெல்லாம் மாத்தியிருக்காங்க?

பெரிய உதாரணம் ரெனோ. 1976-லிருந்து இருந்த ரெனோ ஸ்போர்ட் 2021-ல் ஆல்பைனுக்குள் போனது. அதே வருடம் ஃபார்முலா 1 அணியின் பெயரும் ஆல்பைன் ஆனது. கடைசி மெகான் ஆர்.எஸ். 2023-ல் வந்தது. பிரிவு தொடங்கிய ஆண்டை நினைவுபடுத்தும்படி 1,976 கார்கள் மட்டுமே என்றார்கள். ஓப்பல் 2022-ல் ஜி.எஸ்.இ.யை மின்சாரத்துக்கும் ஹைப்ரிடுக்குமான துணை பிராண்டாக அறிவித்தது. ஃபோக்ஸ்வாகன் 2021-ல் ஐடி.4 காரோடு ஜி.டி.எக்ஸ். என்ற பெயரைக் கொண்டுவந்தது. வால்வோவின் ரேஸ் கூட்டாளியாக இருந்த போல்ஸ்டார் 2017-ல் தனி மின்கார் பிராண்டு ஆனது.

மாறாதவர்களும் உண்டு. எம், ஏ.எம்.ஜி., ஆர்.எஸ். மூன்றும் பழைய பெயரிலேயே மின்சாரத்துக்குள் நுழைந்திருக்கின்றன. ஹூண்டாய் என் 2015-ல்தான் தொடங்கியது என்பதால் அவர்களுக்குத் தூக்கிச் சுமக்க வேண்டிய பழைய பெருமையே அதிகமில்லை. அது அவர்களுக்குச் சாதகமாகவே அமைந்தது.

நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு? எதுக்கு மாத்தணும்?

முதல் காரணம் அபராதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நிறுவனம் விற்கும் எல்லா புதிய கார்களும் கிலோமீட்டருக்கு விடும் சராசரி கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு உச்சவரம்பு உண்டு. தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ. வரம்பைவிட 90 கிராம் அதிகம் விடும் ஒரு ஹாட் ஹேட்சை, அதாவது வேகமான சின்ன ஹேட்ச்பேக்கை, எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் ஏற்கெனவே வரம்பின் விளிம்பில் நின்றால், அந்த ஒரு கார் மட்டுமே கணக்கில் 8,550 யூரோ பாரத்தை ஏற்றிவிடும். முப்பது நாற்பதாயிரம் யூரோ காரில் அந்த அளவு லாபம் கிடையாது. மின்கார் கணக்கில் பூஜ்யம் என்பதால் சராசரியைக் கீழே இழுக்கிறது.

இரண்டாவது காரணம் விலை. பேட்டரி விலை கூடுதல். ரெனோ என்ற பெயரில் ஒரு விலைக்கு மேல் கேட்டால் ஜனங்கள் முகம் சுளிப்பார்கள், ஆல்பைன் என்றால் அதே விலையைத் தாங்கும் என்பது கணக்கு. மூன்றாவது, பழைய எழுத்துகள் வெடிக்கும் எக்ஸாஸ்ட் சத்தத்தோடு மனதில் ஒட்டியிருக்கின்றன. சத்தமில்லாத காரில் அதே எழுத்தை ஒட்டினால் பழைய வாடிக்கையாளரும் கோபப்படுவார், புதியவரும் வரமாட்டார் என்ற பயம்.

பலர் நினைப்பதற்கு மாறாக, தனி பிராண்டு ஆக்கிவிட்டால் அபராதத்திலிருந்து தப்பிக்க முடியாது. கூப்ராவின் கணக்கு ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கணக்கில்தான் சேரும். தப்பிக்க வைப்பது பேட்டரிதான், பிராண்டு அல்ல.

எலெக்ட்ரிக் கார் எல்லாமே பறக்குது. அப்புறம் ஸ்போர்ட்ஸ் மாடல் எதுக்கு?

இந்த மாற்றத்தின் அடிவேர் இதுதான். பெட்ரோல் காலத்தில் 0-100, அதாவது நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரம், என்பது வியர்வை சிந்தி வாங்கிய எண். டர்போ, பிஸ்டன், குளிரூட்டல், கியர்பாக்ஸ் என்று எல்லாவற்றையும் மாற்றினால்தான் ஒரு நொடியைக் குறைக்க முடியும். மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையையும் கொடுத்துவிடும். பின்சக்கரங்களுக்கு ஒரு மோட்டார் இருக்கும் காரில் முன்னாலும் ஒன்றைச் சேர்த்தால் குதிரைத்திறன் எகிறிவிடும்.

2023-ல் வந்த எம்.ஜி.4 எக்ஸ்பவரைப் பாருங்கள். 435 குதிரைத்திறன், 0-100 வெறும் 3.8 நொடி. பிரிட்டனில் அறிமுக விலை 36,495 பவுண்டு. ஒரு தலைமுறைக்கு முன் சூப்பர் கார்கள் மட்டுமே காட்டிய எண்ணைக் குடும்பக் கார் காட்டுகிறது. ஆனால் ஓட்டிப் பார்த்த விமர்சகர்கள் பலர் சொன்னது, நேர் ரோட்டில் மிரட்டுகிறது, வளைவில் அந்தச் சக்திக்கு ஏற்ற பிடிமானமும் உணர்வும் இல்லை என்பதுதான். சக்தி மலிவாகிவிட்டது, அதை அடக்கி ஓட்ட வைக்கும் வேலை மலிவாகவில்லை. பெர்ஃபார்மன்ஸ் பிரிவுகள் விற்றுக்கொண்டிருந்த சரக்கில் பாதி இப்படி எல்லார் கடையிலும் கிடைக்க ஆரம்பித்துவிட்டது.

மீதிப் பாதி என்னது? இன்ஜினே இல்லாத கார்ல இன்ஜினியருக்கு என்ன வேலை?

நிறைய. 2023-ல் வந்த ஹூண்டாய் அயோனிக் 5 என் காரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 84 கிலோவாட்-மணி பேட்டரி, இரண்டு மோட்டார், பூஸ்ட் பட்டனை அழுத்தினால் 10 நொடிக்கு 650 குதிரைத்திறன். இதெல்லாம் விளம்பரத்தில் வரும் பகுதி. வராத பகுதிதான் சுவாரசியம். சாதாரண அயோனிக் 5-ன் உடல்கூட்டில் கூடுதலாக 42 இடங்களில் வெல்டிங் வைத்திருக்கிறார்கள், 2.1 மீட்டர் நீளத்துக்குக் கூடுதலாகப் பசை போட்டிருக்கிறார்கள். ஏன்? கார் 2.2 டன். அந்த எடை வளைவில் சாயும்போது உடல்கூடு முறுக்கினால் சஸ்பென்ஷனை எவ்வளவு நன்றாக அமைத்தும் பயனில்லை.

அடுத்தது சூடு. மின்கார் முதல் தடவை பறக்கும். நாலைந்து தடவை விரட்டினால் பேட்டரி சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிடும். அதனால் இந்தக் காரில் பேட்டரியை முன்கூட்டியே தயார் செய்யும் வசதி இருக்கிறது. நேர்கோட்டுப் பாய்ச்சலுக்குக் கொஞ்சம் சூடாக, டிராக்கில் சுற்றுவதற்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் சக்தி குறையாமல் இரண்டு சுற்று வரவேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. ஒரு சுற்றே 20 கிலோமீட்டருக்கு மேல்.

பிரேக்கும் அப்படித்தான். முன்னால் 400 மில்லிமீட்டர் டிஸ்க் இருக்கிறது, ஆனால் அதைத் தொடுவதற்கு முன்பே மோட்டார்கள் 0.6 ஜி வரைக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். மோட்டார் பிடிக்கும் பிரேக்கும் டிஸ்க் பிடிக்கும் பிரேக்கும் காலுக்கு ஒன்றாகத் தெரியும்படி இணைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. இந்தப் பிரிவை உருவாக்க ஹூண்டாய் அழைத்து வந்த ஆல்பர்ட் பியர்மன் பி.எம்.டபிள்யூ. எம்-இல் பல காலம் இருந்தவர். பெயர் புதிது, கை பழைய கை.

ஒரே மோட்டார், ஒரே பேட்டரி, அஞ்சு பேட்ஜ். இது ஏமாத்து வேலை இல்லையா?

ஓப்பல், பெஜோ, ஆல்ஃபா ரோமியோ போன்ற பல பிராண்டுகளை வைத்திருக்கும் ஸ்டெல்லான்டிஸ் குழுமத்தைச் சொல்கிறீர்கள். அபார்த் 600இ, ஆல்ஃபா ரோமியோ ஜூனியர் வெலோசே, லான்சியா இப்சிலான் எச்.எஃப்., ஓப்பல் மோக்கா ஜி.எஸ்.இ., பெஜோ இ-208 ஜி.டி.ஐ. ஐந்திலும் 54 கிலோவாட்-மணி பேட்டரி. ஐந்திலும் முன்சக்கரங்களை இயக்கும் 280 குதிரைத்திறன் மோட்டார். ஐந்திலும் டோர்சன் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். 0-100 எல்லாமே 6 நொடிக்குள். ஸ்பெக் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கார்தான் என்று தோன்றும்.

ஆனால் இதில் திட்ட வேண்டியதும் பாராட்ட வேண்டியதும் கலந்தே இருக்கின்றன. அந்த டிஃபரன்ஷியலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கர இயக்கத்தில் இவ்வளவு சக்தியைக் கொடுத்தால், வளைவில் பாரம் குறைந்த உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலும். பெரும்பாலான மின்கார்கள் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்தோ சக்தியைக் குறைத்தோ சமாளிக்கும். இவர்கள் இயந்திர டிஃபரன்ஷியலே போட்டு, சக்தியை வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தள்ளுகிறார்கள். இது காசு பிடிக்கும் பொருள். ஒரே பிராண்டுக்காக மட்டும் என்றால் கணக்கு கட்டுப்படியாகாமல் போயிருக்கலாம். ஐந்து பிராண்டு பங்கு போட்டதால் சின்ன காருக்கும் கிடைத்தது.

வித்தியாசம் எங்கே இருக்கும் என்றால், உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், ஸ்பிரிங், அதன் துள்ளலை அடக்கும் டாம்பர், ஸ்டியரிங் விகிதம், டயர் ஆகியவற்றில். ஆல்ஃபாவுக்கு 14.6 என்ற விரைவான ஸ்டியரிங் விகிதத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இப்சிலானும் 208-ம் ஹேட்ச்பேக், மற்ற மூன்றும் கொஞ்சம் உயரமானவை, அதனால் உட்காரும் நிலையே வேறு. ஐந்தையும் ஓட்டிப் பார்க்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் லோகோவைத்தான் வாங்குகிறார். அதில் தப்பில்லை, தெரிந்தே வாங்கினால் சரி.

ஃபோக்ஸ்வாகனும் இதைத்தானே செய்யுது?

ஆமாம், இன்னும் நெருக்கமாக. 2024-ல் கூப்ரா பார்ன் வி.இசட்., ஐடி.3 ஜி.டி.எக்ஸ். பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டு கார்கள் வந்தன. இரண்டிலும் 79 கிலோவாட்-மணி பேட்டரி, பின்சக்கரங்களை இயக்கும் 326 குதிரைத்திறன் மோட்டார். முந்தைய பதிலில் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

போலி கியர், போலி சத்தம்... ஸ்பீக்கர்ல உறுமுற காரை ஸ்போர்ட்ஸ் கார்னு எப்படி ஒத்துக்கறது?

ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, எல்லாவற்றிலும் அணைத்து வைக்க முடியும். அபார்த் 500இ வெளியே பழைய பெட்ரோல் அபார்த் போல உறுமும். டாட்ஜ் சார்ஜர் டேட்டோனாவில் எக்ஸாஸ்ட் மாதிரியே ஒரு கூண்டை வைத்து அதற்குள் சத்தத்தை எழுப்புகிறார்கள். பி.எம்.டபிள்யூ. தன் மின்கார் ஒலிகளுக்காகத் திரைப்பட இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மரையே அழைத்தது.

நான் இதில் இரண்டு வகை பிரிப்பேன். வெறுமனே சத்தம் போடுவது ஒரு வகை. அது எனக்கு ஒத்துவராது. அயோனிக் 5 என் செய்வது வேறு வகை. அதன் போலி எட்டு கியர், மோட்டாரின் இழுவையையே கியருக்குக் கியர் மாற்றுகிறது. தப்பான கியரில் வளைவுக்குள் போனால் கார் மந்தமாகத்தான் வெளியே வரும், கியரை மாற்றாமல் விட்டால் உச்சத்தில் முட்டி நிற்கும். மின்காரில் ஒரே கியர் என்பதால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது உடம்புக்குத் தெரிவதில்லை. அந்தத் தகவலைக் காதுக்கும் முதுகுக்கும் திருப்பிக் கொடுக்கிறார்கள். போலிதான், ஆனால் பிரயோஜனமான போலி.

பழைய பேரை அப்படியே வச்சுக்கிட்டவங்க நிலைமை எப்படி?

பி.எம்.டபிள்யூ.வுக்கு நன்றாகவே போனது. 2022-ல் எம் குடும்பத்தில் அதிகம் விற்ற கார் ஐ4 எம்50, முழு மின்கார். 544 குதிரைத்திறன். முன்பு சொன்ன மூன்று படியில் அது நடுப்படிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். முழு எம் என்ற மேல்படியில் கை வைக்காமல், நடுப்படியில் மின்சாரத்தை விட்டுப் பார்த்தார்கள். மின்சார எம்3-ஐ ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டாரோடு மெதுவாகத்தான் தயாரிக்கிறார்கள்.

ஏ.எம்.ஜி. நேராக மேல்படியிலேயே கை வைத்தது. சி63 என்றாலே வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) என்று பழகிய ஜனங்களுக்கு, 2022-ல் 2 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜினையும் பின்னால் ஒரு மின்மோட்டாரையும் கொடுத்தது. மொத்தம் 680 குதிரைத்திறன், பழைய வி8-ஐவிட 170 அதிகம். எடை 2 டன்னைத் தாண்டியது. தொழில்நுட்பமாக அபாரமான கார். வாங்குபவர்கள் மதிக்கவில்லை. இப்போது புதிய வி8 தயாராகிறது என்று ஏ.எம்.ஜி.யே சொல்கிறது. பெயரை வைத்துக்கொண்டால் அந்தப் பெயர் கொடுத்த வாக்கையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். புதிய பெயரில் வந்த கார் என்றால் இதே இன்ஜினை யாரும் இவ்வளவு திட்டியிருக்க மாட்டார்கள்.

ரேஸுக்கும் இந்த பிராண்டுகளுக்கும் இன்னும் ஏதாவது தொடர்பு இருக்கா?

விளம்பரத்தில் நிறைய, காரில் குறைவு. ஆல்பைனே நல்ல உதாரணம். பிரான்சில் வீரி-ஷாட்டியோனில் தயாரான தன் சொந்த ஃபார்முலா 1 இன்ஜினை 2025-ஓடு நிறுத்திவிட்டு, 2026 முதல் மெர்சிடிஸ் இன்ஜினை வாங்கி ஓட முடிவு செய்தது. ரேஸை மையமாக வைத்துக் கட்டிய பிராண்டு, ரேஸ் இன்ஜினை வெளியில் வாங்குகிறது. மெகானிக்குகளுக்கு வருத்தம், கணக்குப் பிள்ளைகளுக்கு நிம்மதி.

இதற்காக ஆல்பைனை மொத்தமாகத் தள்ளிவிடவும் முடியாது. 2024-ல் வந்த ஏ290 காரின் அடித்தளம் ரெனோ 5 இ-டெக் மின்காரினுடையது, இரண்டும் தயாராவதும் ஒரே ஆலையில்தான். ஆனால் ரெனோ 5-ல் அதிகபட்சம் 150 குதிரைத்திறன், ஏ290-ல் 220. சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 60 மில்லிமீட்டர் கூடுதல், முன்பிரேக்குகள் ஏ110 ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து வந்தவை, குழிகளில் முரட்டுத்தனமாக இடிக்காமலிருக்க டாம்பருக்குள் ஹைட்ராலிக் தடுப்பு. பழைய ரெனோ ஸ்போர்ட் இன்ஜினியர்கள் செய்யும் அதே வேலைதான், லோகோ வேறு.

பவரையே மாத சந்தா மாதிரி விக்கிறாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். மெர்சிடிஸ் 2022-ல் அமெரிக்காவில், தன் ஈ.க்யூ. மின்கார்களுக்கு வருடத்துக்கு 1,200 டாலர் கட்டினால் கூடுதல் வேகம் தருவதாக அறிவித்தது. போல்ஸ்டார் 2 காரில் கூடுதலாக 68 குதிரைத்திறனை ஒரே தடவை காசு கட்டி இணையம் வழியாகவே இறக்கிக்கொள்ளலாம். பட்டறைக்குப் போகவே வேண்டாம்.

காருக்குள் அந்தச் சக்தி முதலிலிருந்தே இருந்தது என்பதை இது பட்டவர்த்தனமாகக் காட்டிவிட்டது. அதனால் ஒரு ஸ்போர்ட்ஸ் மாடலுக்கும் சாதாரண மாடலுக்கும் குதிரைத்திறன் மட்டும்தான் வித்தியாசம் என்றால், சாஃப்ட்வேர் பூட்டுக்குக் காசு கொடுக்கிறீர்களோ என்று சந்தேகப்படுவது நியாயம்.

நாளைக்கு அந்த துணை பிராண்டையே மூடிட்டா?

நடக்கக்கூடியதுதான், நடந்தும் இருக்கிறது. கிரைஸ்லர் குழுமம் தன் எஸ்.ஆர்.டி. பிரிவைத் தனி பிராண்டு ஆக்கி, வைப்பர் காரை டாட்ஜ் பெயரில்லாமல் எஸ்.ஆர்.டி. வைப்பர் என்றே விற்றது. 2014-ல் அந்த ஏற்பாட்டைச் சுருட்டி மறுபடி டாட்ஜுக்குள் வைத்தார்கள். 2021-ல் பிரிவையே கலைத்து இன்ஜினியர்களைக் குழுமத்துக்குள் பிரித்து அனுப்பினார்கள். 2025-ல் திரும்பவும் உயிர் கொடுத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே பேட்ஜ் மட்டும் கார்களில் ஓடிக்கொண்டே இருந்தது.

போல்ஸ்டார் வேறு மாதிரி. தனியாகப் பிரிந்து பங்குச்சந்தை வரைக்கும் போனது. 2024-ல் வால்வோ இனிமேல் பணம் போட முடியாது என்று கைவிரித்து, பங்குகளில் பெரும்பகுதியைத் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுத்தது. கார் வைத்திருப்பவருக்கு இதில் உடனடிக் கவலை, உதிரிபாகமும் சாஃப்ட்வேர் அப்டேட்டும். அடித்தளமும் மோட்டாரும் குழுமத்தின் பொது சொத்தாக இருந்தால் பாகங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும். முன்பு ஐந்து பேட்ஜ் என்று கோபப்பட்டோமே, அதில் ஒளிந்திருக்கும் நன்மை இது. அந்த மாடலுக்கே உரிய பம்பர், டாம்பர், சாஃப்ட்வேர் ஆகியவைதான் சிக்கலாகும்.

இப்போ ஜி.டி.ஐ. எல்லாம் திரும்ப வருதே? அப்போ மாத்தினதே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்களா?

வாயால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் செயல் அதைத்தான் சொல்கிறது. பெஜோ 508-க்கு பி.எஸ்.இ. என்ற புதிய எழுத்துகளை வைத்துப் பார்த்தது, எடுபடவில்லை. 2025-ல் இ-208-க்கு ஜி.டி.ஐ. என்ற பழைய பெயரையே எடுத்தது. ஃபோக்ஸ்வாகன் ஜி.டி.எக்ஸ். வந்து இரண்டே வருடத்தில், 2023-ல், ஐடி. ஜி.டி.ஐ. என்று ஒரு கான்செப்டைக் காட்டி, அப்புறம் மின்சார போலோவிலும் ஜி.டி.ஐ. வரும் என்றது. ஓப்பலின் ஜி.எஸ்.இ.யும் உண்மையில் பழைய ஓப்பல் கமோடோரில் இருந்த பெயர்தான்.

இதில் வேடிக்கை, 1976-ல் வந்த முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ. எந்தப் பெர்ஃபார்மன்ஸ் பிரிவும் செய்ததல்ல. சில ஊழியர்கள் ஆர்வத்தில் தொடங்கி, 5,000 விற்றால் போதும் என்று இறக்கிய கார். பிரிவு இல்லாமலேயே பெயர் சம்பாதித்தது. அதனால் பிரிவு இருந்தால்தான் நல்ல கார் என்று நானும் சொல்லமாட்டேன். கூப்ரா மாதிரி புதிய பெயரிலேயே நன்றாக விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வேகத்தைவிடத் தோற்றத்தை விற்கிறார்கள் என்பது என் கருத்து.

ஷோரூம்ல நிக்கும்போது இது நிஜ வேலையா, ஸ்டிக்கர் வேலையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

குதிரைத்திறனை விட்டுவிடுங்கள், காரணம் மேலே சொல்லியாயிற்று. முதலில் சாதாரண மாடலின் ஸ்பெக்கையும் ஸ்போர்ட்ஸ் மாடலின் ஸ்பெக்கையும் பக்கத்தில் வைத்து, சக்கரங்களுக்கு இடையிலான அகலம், பிரேக் டிஸ்க் அளவு, டயர் வகை மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் மாறாமல் இருந்தால் அது நிறம் பூசிய வேரியன்ட். அகலம் மாறியிருந்தால் பெரும்பாலும் சஸ்பென்ஷன் கைகளையோ ஹப்பையோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அங்கே காசு செலவாகியிருக்கிறது.

அடுத்தது, தொடர்ந்து எவ்வளவு நேரம் முழுச் சக்தி கொடுக்கும் என்று கேளுங்கள். விற்பனையாளருக்குப் பெரும்பாலும் தெரியாது. நிறுவனம் தன் குறிப்பில் பேட்டரி குளிரூட்டல் பற்றி நாலு வரி எழுதியிருந்தால் நல்ல அறிகுறி, சவுண்ட் பற்றி நாலு பத்தி எழுதியிருந்தால் உஷாராகுங்கள். டெஸ்ட் டிரைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை, எல்லா மின்காரும் அதில் அசத்தும். ஒரு மோசமான ரோட்டில் வளைவுக்கு முன் பிரேக் பிடித்துப் பாருங்கள், பெடல் நடுவில் ஏதாவது தடுமாற்றம் தெரிகிறதா என்று.

கடைசி பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரை இப்பவே வாங்கிப் போட்டுடலாமா?

ஓட்ட வாங்குகிறீர்கள் என்றால் வாங்குங்கள். விலை ஏறும் என்று வாங்குவதானால், எண்ணிக்கை குறைவான, மேனுவல் கியர் உள்ள மாடல்களுக்கு மட்டும்தான் கொஞ்சமாவது வாய்ப்பு. "கடைசி" என்ற வார்த்தையையும் முழுதாக நம்ப வேண்டாம். 2035-க்கான ஐரோப்பிய இலக்கை 100 சதவீதக் குறைப்பிலிருந்து 90 சதவீதத்துக்குத் தளர்த்த 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையமே முன்மொழிந்திருக்கிறது. போனதாகச் சொன்ன வி8 ஏ.எம்.ஜி.யில் திரும்பி வரும் வழியில் இருக்கிறது. கடைசி என்று விற்கப்பட்டதில் எத்தனை நிஜமாகவே கடைசி என்று தெரிய இன்னும் சில வருடம் ஆகும்.